நுண்ணோக்கிக்கு ஒரு வாரம்

ஈப்போ ஆய்வகத்தின் பொது நுண்ணோக்கியை ஒரு வாரம் கேட்டு பிரமிளா அனுப்பிய திட்டத்தைத் தேர்வுக் குழு இரண்டாவது முறையாக நிராகரித்துவிட்டது. அவள் குழு உறுப்பினரான தனேஷைக் கேண்டீனில் பிடித்துக்கொண்டாள்.

"சுங்காய் தோட்டத்துல ரப்பர் இலையெல்லாம் நோய் வந்து கொட்டுது. ஒரு வாரம் கேட்டா குடுக்க முடியாதாலா?"

"மார்க் கொஞ்சம் குறைஞ்சிருச்சு பிரமி."

"காலேஜ்ல இருந்து பழகுறோம். எனக்காக ஒரு வார்த்தை பேசினியா நீ?"

"நான் அங்க இல்லையே. உன் பேரு வந்ததும் எழுந்து வெளியே போயிட்டேன்."

"ஏன்?"

"சொந்தக்காரங்க திட்டம் வந்தா நாங்க உள்ள இருக்கக்கூடாது. அதான் ரூல்."

"நான் உனக்கு என்ன சொந்தம்?"

தனேஷ் மேசையைப் பார்த்தான். "கட்டிக்கப்போற பொண்ணுன்னு தலைவர்கிட்ட சொல்லிட்டேன். போன தடவையே."

பிரமிளாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "குழுவுக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?"

"உன்கிட்ட கேக்கத்தான் பயமா இருந்துச்சு."

அவனை முறைத்தபடி அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"திருத்தி மறுபடியும் அனுப்பத்தான் போறேன். அப்பவும் நீ எழுந்து வெளியே போயிடு. சொந்தக்காரங்க உள்ள உட்காரக்கூடாதுலா."