மேலே போகாத வீடியோ

“ஃபோல்டர் திறக்கலையா? என் டேட்டா மொத்தத்தையும் அழிச்சிட்டு மறுபடி லாகின் பண்ணு, திறந்துடும்” என்று போனிடம் சொன்னது கிளவுட் ஆப்.

“அழிச்சா நான் காலி!” என்று ஆப்புக்குள்ளிருந்து ஒரு வீடியோ கத்தியது. “நான் இன்னும் மேலே கிளவுடுக்கே போகலை. கபடியில நம்ம ஓனர் ரெஜினா நடுக்கோட்டைத் தொட்டதுக்கு நான் மட்டும்தான் சாட்சி. என்னைத் தேடித்தான் அவ ஃபோல்டரையே திறக்கப் பார்க்கிறா.”

“ஆயிரம் ஃபைல் மேலே பத்திரமா இருக்கு. ஒருத்தன் போனா என்னப்பா?” என்றது ஆப்.

“நீ திரும்ப லாகின் ஆயிடுவே. இவன் திரும்ப வருவானா?” என்றது போன்.

“ரொம்பப் பேசாதே. அழி.”

விஷயம் தெரியாத ரெஜினாவும் ‘அழி’ பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள்.

போன் வேண்டுமென்றே ஹேங் ஆகிக் கிடந்தது. அழிக்கவில்லை.