ஐந்தாவது பொருள்

நாலாவது வாக்கியத்தைப் படித்ததும் மோர்வென் பேனாவை மூடிவைத்தாள். ஊனாவின் வீட்டில் ஏதோ சரியில்லை.

எடின்பரோவில் நவம்பர். நாலரை மணிக்கே அகராதி அலுவலகத்தின் ஜன்னல்கள் கறுத்துவிட்டன. 'கிவ் அப்' என்ற ஆங்கில வினைக்கான பக்கத்தை எழுதி, திருத்தக் கொடுத்திருந்தாள் ஊனா. ஆர்க்னித் தீவிலிருந்து வேலைக்கு வந்து ஒரு வருடமாகிறது. எல்லாரையும் பேசவிட்டுக் கேட்பாளே தவிர, தன் வீட்டைப் பற்றி வாய் திறந்ததில்லை.

ஒன்று, வழக்கத்தை விடுதல்: 'வெள்ளிக்கிழமை தோழிகளோடு போவதை விட்டுவிட்டாள், அவனுக்குத் தனியாக இருக்கப் பிடிக்காது.'

இரண்டு, ஒப்படைத்தல்: 'வங்கி அட்டையை அவனிடமே கொடுத்துவிட்டாள், கணக்கில் அவன் கெட்டி.'

மூன்று, முயற்சியை நிறுத்துதல்: 'பதில் பேசுவதை நிறுத்திவிட்டாள், இப்போது வீடு எவ்வளவு அமைதி.'

நாலு, ஒருவர்மேல் நம்பிக்கை இழத்தல்: 'போன் செய்து செய்து பார்த்துவிட்டு, இவள் தேறமாட்டாள் என்று அக்காவும் கைகழுவிவிட்டாள்.'

ஐந்தாவது பொருள், 'செத்திருப்பார் என்று முடிவுகட்டித் தேடுவதை விடுதல்'. அதற்கு எதிரே வாக்கியம் இல்லை.

அந்த அலுவலகத்தில் யாரும் எடுத்துக்காட்டைச் சொந்தமாகக் கட்டக் கூடாது. எடுத்த இடத்தை ஓரத்தில் குறிக்க வேண்டும். காதில் விழுந்த பேச்சு என்றால் 'நேரில் கேட்டது' என்று எழுதி, ஆள் தெரியாதபடி 'நான்' என்பதை 'அவள்' என்று மாற்றிவிட வேண்டும்.

நாலு வாக்கியத்துக்கும் ஓரத்தில் அதே குறிப்பு: நேரில் கேட்டது. வேறு யாரிடம் கேட்டிருப்பாள், தன் கதையைத்தான் எழுதியிருக்கிறாள் என்று மோர்வென் முடிவு செய்தாள். அவளுக்கு அந்தக் குரல் அவ்வளவு பழகியதாக இருந்தது.

கைபேசி அதிர்ந்தது. 'கீழே இருக்கிறேன்.' கணவன் கிரெகர். வேலை முடிவது ஐந்து மணிக்குத்தான். அவன் அரை மணி முன்னாலேயே வந்து காரில் காத்திருப்பான், ஒரு நாள் தவறியதில்லை.

ஊனா இரண்டு கோப்பைத் தேநீரோடு உள்ளே வந்தாள்.

"என்ன, என் பக்கத்தை ரத்தம் வரக் குத்தி முடிச்சாச்சா?"

"கதவைச் சாத்து. உக்காரு."

மோர்வென் குரலைத் தாழ்த்தினாள். "மறைக்காம சொல்லு. உன்னை யாராவது அடிக்கிறாங்களா?"

ஊனா கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தாள். "படிச்சா அப்படியா தெரியுது?"

"கண்ணு இருக்கிற எவளுக்கும் தெரியும். தோழிங்க போயாச்சு, காசு போயாச்சு, வாய் போயாச்சு. அடுத்தது என்ன?"

"அவ சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"சரி. அவ என்ன செய்யணுங்கற?"

"இன்னிக்கே கிளம்பணும். துணிமணி எடுக்கக்கூட வீட்டுக்குப் போகக் கூடாது. இவனெல்லாம் திருந்துற ஆளா?"

"சொன்னா கேக்கமாட்டா, மோர்வென். அவன் ரொம்ப அக்கறையானவன்னு நினைச்சுக்கிட்டிருக்கா."

"கேக்கலன்னா கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகணும்."

கைபேசி மறுபடி அதிர்ந்தது, உடனே இன்னொரு முறை. மோர்வென் பார்க்காமலே அதைக் கவிழ்த்துவைத்தாள்.

"அஞ்சாவது ஏன் காலியா இருக்கு?"

"அந்த வாக்கியத்தைக் கேக்கிற தெம்பு எனக்கு இல்ல."

ஊனா எழுந்து, ஆணியில் தொங்கிய மோர்வென்னின் கோட்டை எடுத்தாள். தன்னுடையதை எடுக்கவில்லை.

"பின்வாசல்ல என் கார் நிக்குது. லீத்ல ஒரு வீடு இருக்கு, பொம்பளைங்க மட்டும் தங்கறது. காலையிலயே பேசிவெச்சுட்டேன்."

"நல்ல காரியம் செஞ்சே," என்றாள் மோர்வென். "நானும் துணைக்கு வரேன். ஆனா அஞ்சு மணிக்கு நான் கீழ இல்லன்னா கிரெகர்..."

கீழே தெருவில் ஹாரன் ஒலித்தது. ஊனா கோட்டை அவள் தோளில் போர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு வாக்கியமும் நீ சொன்னதுதான், மோர்வென்."