சாட்சி சொன்ன கெண்டை

ககோஷிமாவில் சாராய ஆலை நடத்தும் சகோதா, அதையொட்டி உணவகம் கட்ட அனுமதி கேட்டிருந்தார். கழிவுநீர்த் தொட்டியைப் பெரிதாக்கினால்தான் அனுமதி என்று சோதனைக்கு வந்த அதிகாரி ஹிதாகா முறுக்கிக்கொண்டார்.

"இருக்கிற தொட்டியே போதுங்கய்யா. சுத்தமாகி வர்ற தண்ணியில கெண்டை மீனே வளக்கிறேன், வந்து பாருங்க."

குளத்தில் மீன்கள் துள்ளி விளையாடின. ஹிதாகா வரைபடத்தில் முத்திரை குத்தினார். குத்திய கையோடு, புது உணவகத்துக்காகச் சமைத்துப் பார்த்த கெண்டைக் குழம்பை ஒரு பிடி பிடித்தார்.

"முள்ளு வரைக்கும் சாராய வாசம் இறங்கியிருக்கே. எவ்வளவு நேரம் ஊற வச்சீங்க?"

சகோதா கண்ஜாடை காட்டுவதற்குள் சமையல்காரர் முந்திக்கொண்டார்.

"நாங்க எங்கய்யா ஊற வச்சோம்? காலையில அந்தக் குளத்துல உயிரோட விடுவோம். சாயங்காலத்துக்குள்ள தானா ஊறி மிதந்துடும்."