ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

பாதி உட்கார்ந்த நிலையில் அவள் நின்றிருந்தாள்.

கைகள் முன்னால் நீண்டிருந்தன. பின்னால் மர நாற்காலி. அதில் உட்கார்ந்துவிடக் கூடாது. தொடாமல் தொட்டபடி நிற்க வேண்டும். மகள் எண்ணைச் சொன்னால்தான் எழலாம்.

ஏழு சொல்லியாகிவிட்டது.

சக்கர நாற்காலியில் மகள் ஜெர்லினின் வாய் திறந்தது, கோணியது, மூடியது. பன்னிரண்டு வயது. பிறந்த நாளிலிருந்தே காலும் கையும் நாக்கும் அவள் சொன்னபடி கேட்பதில்லை. ஏழு வரைக்கும் எப்படியோ வந்துவிடும். எட்டில்தான் நாக்கு மாட்டிக்கொள்ளும்.

தொடை நடுங்கியது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"எ... எ... ட்டு."

எழுந்தாள்.

பிப்ரவரியில் ஒருநாள், குளியலறையில் மகளைத் தூக்கும்போது முதுகில் ஏதோ வெட்டி இழுத்தது. பிடியை விடவில்லை. அதனால் இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள்.

கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். ஈர உடம்போடு மகள் அந்நியர் கைகளில் போவதைத் தரையில் கிடந்தபடி பார்த்தாள்.

கணவருக்குக் கப்பலில் வேலை. தகவல் கேட்டு அண்ணன்தான் ஓடி வந்தார்.

"எத்தனை நாளைக்குத்தான் நீயும் தூக்குவ? பிள்ள வளருதுல்லா. இது மாதிரி பிள்ளைகள பாத்துக்கிடுத நல்ல ஹோமா பாத்து விட்டுருவோம்."

கெட்ட மனிதர் அல்ல. சொல்லும்போது அவர் குரலும் உடைந்தது.

ஜெர்லின் பக்கத்திலேயே இருந்தாள்.

அன்று ஜெர்லின் பாதிச் சோற்றோடு வாயை மூடிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. மீன் குழம்பு வைத்தும் பலனில்லை. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை.

மூன்றாம் நாள்தான் புரிந்தது.

பிள்ளை எடை கூடாமல் இருக்கப் பார்க்கிறது.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மகளின் இரண்டு கன்னங்களையும் பிடித்தாள்.

"நீ நல்லா சாப்டு, மக்கா. தூக்குறது என் வேல. அத நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டாள். எப்படி என்று தெரியவில்லை.

மூன்று வாரம் படுத்திருக்கச் சொன்ன மருத்துவர், அதற்குப் பிறகு காலுக்கும் முதுகுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வலு ஏற்றச் சொன்னார். ஜிம்முக்குப் போக வழியில்லை. ஒரு மணி நேரம்கூட மகளை விட்டுவிட்டு நகர முடியாது. செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, யாரோ ஒரு பெண் செய்வதைப் பார்த்துச் செய்தாள். முதுகை வளைக்காதீர்கள், காலால் எழுந்திருங்கள் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முதல் நாள் ஐந்து முறை எழுந்தாள். ஆறாவதில் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜெர்லின் சிரித்தாள். விழுந்ததற்குப் பிறகு முதல் சிரிப்பு.

எண்ணும் வேலையை அவளிடமே கொடுத்தாள்.

சுவரில் கை ஊன்றித் தள்ளினாள். பிறகு கட்டில் விளிம்பில். பிறகு தரையில், முழங்கால் ஊன்றி. பழைய பள்ளிப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழுந்தாள். பை பத்து கிலோ ஆனது. ஜூனில் பையை விட்டுவிட்டு, இருபத்தைந்து கிலோ மூட்டையையே கட்டிப்பிடித்தாள்.

அந்த எட்டுக்காக மனசுக்குள் மகளைத் திட்டியிருக்கிறாள். சொல்லித் தொலையேன் என்று பல்லைக் கடித்திருக்கிறாள்.

ஒருநாள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றியபோது, குடம் காலியோ என்று குனிந்து பார்த்தாள். ததும்ப நிறைந்திருந்தது. அன்று மகளின் தலையில் முத்தம் வைத்தாள். சம்பளம் வாங்கும் எந்தப் பயிற்சியாளரும் ஓர் எண்ணுக்கு அவ்வளவு நேரம் நிறுத்திவைத்திருக்க மாட்டார்.

ஜாக்கெட் கை இறுகியது. தையலைப் பிரித்துவிட்டாள். பிரிக்கும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

ஜெர்லினும் எடை கூடியிருந்தாள். முப்பத்திரண்டு கிலோ. எடை பார்க்கும் கருவியின் முள்ளைப் பார்த்தபடி மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

ஜூலைக் கடைசி. ஞாயிறு மாலை. தூத்துக்குடியில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும் மாதம்.

வீட்டு ஜன்னலில் கடல் தெரியாது. மொட்டை மாடியில் தெரியும். பதினாறு படி. ஜெர்லின் அங்கே போய் இரண்டு வருடம் ஆகிறது.

மாடிக்குப் போய்ப் பாயை விரித்துவிட்டு இறங்கி வந்தாள்.

மகளின் முன் குத்துக்காலிட்டாள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால், ஒரு கையைத் தொடைக்கு அடியில் கொடுத்தாள். நெஞ்சோடு இறுக்கினாள். முதுகை நேராக வைத்தாள்.

காலால் எழுந்தாள்.

ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினாள். ஒன்பதாவது படியில் சுவரில் சாய்ந்து நின்றாள். மகளின் மூச்சு கழுத்தில் சூடாக விழுந்தது.

"வ... லிக்கா, ம்மா?"

முதுகைக் கேட்டுப் பார்த்தாள். தொடையைக் கேட்டுப் பார்த்தாள்.

"இல்ல மக்கா."

மேலே வந்ததும் காற்று இருவரையும் சேர்த்து அடித்தது. பாயில் இறக்கி, சுவரோடு சாய்த்து உட்காரவைத்தாள். தூரத்தில் சாம்பல் நிறத்தில் கடல். துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள். ஜெர்லினின் கைகள் தாமாகவே எழுந்து காற்றில் அலைந்தன. கண்களில் நீர் வழிய அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

மாடியின் மறுபக்கம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த கீழ்வீட்டு எஸ்தரம்மா, சத்தம் கேட்டுச் சேலைகளை விலக்கிக்கொண்டு வந்தாள். பாயில் பிள்ளையைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள்.

"ஏட்டி, கப்பல்லருந்து அண்ணாச்சி ஊருக்கு வந்தாச்சா? பிள்ளய யாரு தூக்கியாந்தது?"

எஸ்தரம்மா படிக்கட்டைப் பார்க்க, அவளும் திரும்பிப் பார்த்தாள்.

படிக்கட்டில் வேறு யாரும் இல்லை.