ஆபரேஷன் மேஜையில் ஒரு சண்டை

"தலையைத் திறந்து வச்சிருக்கிற மனுசன்கிட்ட எவனாச்சும் சண்டைக்கு நிப்பானாக்கா? உங்க கொழுந்தன் நிக்கிறாரு."

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்த ஆயா தங்கப்பொண்ணு இப்படிச் சொன்னதும் ஹம்சவேணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன சண்டை?"

"உங்க சௌராஷ்டிர பாஷையை நான் என்னத்தக் கண்டேன்? 'பத்திரிகை, காளவாசல்'னு ரெண்டு வார்த்தைதான் வெளங்குச்சு. உங்க வீட்டுக்காரரும் லேசுப்பட்ட ஆளில்ல. படுத்துக்கிட்டே வாங்கு வாங்குன்னு வாங்குறாரு."

ஹம்சவேணிக்கு அந்த இரண்டு வார்த்தையே போதும்.

கொழுந்தன் சாய்குமார் தன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அண்ணனை அழைத்த லட்சணம் சொந்தபந்தம் முழுக்கத் தெரியும். பெண்டாட்டியோடு வீடு தேடி வந்து, தட்டில் பூ பழத்தோடு பத்திரிகை வைக்க வேண்டியவன், காளவாசலில் இருக்கும் அண்ணனின் ஜவுளிக்கடையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். என்னவோ விளம்பர நோட்டீஸ் போடுகிற மாதிரி.

அன்றைக்குத் தம்பியோடு பேச்சை நிறுத்தியவர்தான் வெங்கடரமணன். "தப்புதாண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம். சாய்குமார் சொல்லவே இல்லை. அம்புட்டு வீம்பு.

வெங்கடரமணனுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் சாவிக்கொத்தைக் கையில் திணித்துத் திணித்து ஹம்சவேணி ஓய்ந்துபோனாள். எந்த மாத்திரைக்கும் அது அடங்கவில்லை. கடைசியில் டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னபோதுதான், கூப்பிடாமலே வந்து நின்றான் சாய்குமார்.

"ஆளை முழிக்க வச்சுத்தான் செய்வோம்மா. பயப்படாதீங்க, மூளைக்கு வலி தெரியாது. வெளிநாட்டுல எழுபது வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சு பார்த்த முறை. பேச்சு இருக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே வலிப்பு கிளம்புது. அதனால, அவர் வீட்டுல பேசுற பாஷை தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து, படத்தைக் காட்டிப் பேர் கேட்கணும்" என்றார் டாக்டர்.

ஒத்திகை பார்த்தபோதே ஹம்சவேணி அழுதுவிட்டாள். அதனால் சாய்குமாருக்குப் பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டி உள்ளே கூட்டிப் போனார்கள்.

சேலை விற்கிறவருக்கு வாய்தானே முதல்? அது போய்விடக் கூடாதே என்று இவள் அழகரைக் கும்பிட்டபடி வெளியே உட்கார்ந்திருக்கிறாள். அவனோ உள்ளே போய்ப் பழைய குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறான். மனுசனா அவன்?

ஒருவழியாகக் கதவு திறந்தது. டாக்டர் வந்தார். பின்னாலேயே சாய்குமார்.

"நல்லபடியா முடிஞ்சதும்மா. வலிப்பு விட்டுச்சான்னு கொஞ்ச மாசம் போனாத்தான் சொல்ல முடியும். ஆனா பேச்சுக்கு ஒரு குறையும் இல்ல."

ஹம்சவேணிக்கு உயிரே திரும்பி வந்தது. வந்த கையோடு கொழுந்தனைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க போயுமா தம்பி உனக்கு வீம்பு? உங்க அண்ணன் கிடந்த கிடையில..."

டாக்டர் குறுக்கிட்டார். "அவரைத் திட்டாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பயத்துல வாயே திறக்கலை. படத்தைக் காட்டினா கண்ணை மூடிக்கிட்டார். நாங்க லேசா கரண்ட் வச்சுப் பார்ப்போம். எந்த இடத்துல வைக்கும்போது பேச்சு நிக்குதோ, அந்த இடத்துல கத்தி படக் கூடாது. ஆனா அவர் பேசினாத்தானே நிக்கிறது தெரியும்? அப்பதான் உங்க கொழுந்தன் ஏதோ கேட்டார். அவ்வளவுதான், பொரிஞ்சு தள்ளிட்டார் மனுஷன். திட்டு எங்கெங்க பாதியில நின்னுச்சோ, அங்கெல்லாம் தொடாம விட்டுட்டோம்."

சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார். ஹம்சவேணிக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை விட மனசில்லை.

"அது சரி. வாய் விட்டுப் பேசுனாருல்ல? அப்பவாச்சும் தப்பு என் மேலதான்னு சொன்னியா?"

சாய்குமார் முகமூடியைக் கழற்றினான். அழுதிருக்கிறான் என்பது பார்த்ததும் தெரிந்தது.

"அதைச் சொல்லத்தான் உள்ளயே போனேன் மதினி. வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா ஒத்துக்கிட்டா அண்ணன் அதோட திட்டுறதை நிறுத்திருவாரேன்னு முழுங்கிட்டேன்."