மீதிக் கதை

அச்சகத்திலிருந்து மூன்று மணிக்கே வீடு திரும்பிய சம்சு, பட்டாசு லேபிள் அட்டையால் விசிறிக்கொண்டே மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ருக்சானா, வேர்வை வழிவதுகூடத் தெரியாமல் டிவியில் மூழ்கியிருந்தாள்.

"அந்தச் சப்பான் பேய் கார்ட்டூனா? தொடர்தான் போன மாசமே முடிஞ்சிருச்சே?"

"இது அதோட மீதிக் கதைங்க. படமா எடுத்திருக்காக. தொடர்ல செத்த பிள்ள, தான் சாகுறத வேடிக்கை பார்த்தவுக வீட்டுக்கெல்லாம் இதுல வாரா."

அவனும் இமைக்காமல் பார்த்தான்.

"சீசன் நேரத்துல எப்படிங்க விட்டாக?"

"ஆர்டர் அம்புட்டும் மிஷின்லயே நிக்குது. ரெண்டு மணிக்கே சிவகாசி பூரா கரண்டு போயிருச்சு. இனி நாலு மணிக்குத்தான் வருமாம்..."

விசிறிய கை நின்றது. இருவரும் மெல்ல நிமிர்ந்தார்கள். மின்விசிறி அசையாமல் தொங்கியது.

டிவிக்குள் இருந்த பிள்ளையும் அவர்களோடு சேர்ந்து அதே மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தாள்.