ஒரு விரல் தடிமன்

"இன்னொரு தடவை நடங்க தம்பி. அந்தக் கதவுலேர்ந்து இந்தப் பக்கம். மெதுவா."

கார் விற்பனைக் கூடத்தில் அந்தச் சின்னச் சிவப்புக் காரின் மூக்குக்கு முன்னால் விற்பனையாளர் ஐந்தாவது தடவையாகக் குறுக்கே நடந்தார். அவருடைய டை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சிரிப்பு மட்டும் இன்னும் சாயவில்லை.

ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். முன்கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கி நிற்கும் தூணை முறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மகள். வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. சொந்தச் சம்பளத்தில் அவள் வாங்கப்போகும் முதல் கார்.

"பழைய மாடலை விட இது எவ்வளவோ மேல சார்," என்றார் விற்பனையாளர் மூச்சு வாங்க. "இழுவை கூடியிருக்கு, உயரம் குறைஞ்சிருக்கு. வளைவுல ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும்."

"அதெல்லாம் இருக்கட்டும். தூண் எப்படி?"

"தூணா சார்?"

மேசைக்குப் பின்னால் இருந்த இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரருக்குக் காது மடல் சூடாகியது. ஆனாலும் அவர் விடுவதாக இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே காரின் பழைய மாடல் அவரிடம் இருந்தது. ரயில் நிலையத்திலிருந்து மகளைக் கூட்டிவரப் போனார். அவள் காருக்கு முன்னால் குறுக்கே வந்த நேரத்தில் வண்டியை நகர்த்திவிட்டார். அவளுடைய இடது முழங்கால் நொறுங்கிப்போனது. மூன்று அறுவை சிகிச்சை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததுமே, யாரும் கேட்பதற்கு முன்னால், அவள் தன் அம்மாவிடம் சொன்னாள்: "அப்பா மேல தப்பு இல்லம்மா. வண்டித் தூண் என்னை மறைச்சிருச்சு."

அந்த வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கம்பெனிக்குப் பதினோரு கடிதம் எழுதினார். உறவில் யார் கார் வாங்கப் போனாலும் கூடவே போய்த் தூணைத் தட்டிப் பார்த்தார். மச்சினர் அவருக்குத் 'தூண் மாமா' என்றே பட்டம் கட்டிவிட்டார்.

ஆனால் மகள் இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கிக் காருக்குள் வைக்கும்போதெல்லாம் அவர் பார்வை வேறு பக்கம் ஓடிவிடும். இன்றைக்கு அது டயரைப் போய்ப் பார்த்தது.

மகள் விற்பனையாளரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ஓட்டும்போது போனைக் கையில எடுக்காம இருக்க இதுல ஏதாவது வழி இருக்கா?"

"இருக்கு மேடம். வர்ற மெசேஜை வண்டியே படிச்சுச் சொல்லிடும்."

"அது போதும்."

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "தூணை அளந்து பார்க்கலாமா தம்பி?"

விற்பனையாளர் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். புது வண்டிக்கு மாற்றாக யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய மாடல் ஒன்று வாசலில் நின்றது. அதை அளந்துவிட்டு வந்து, இதையும் அளந்தார். டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு இப்போது சாய்ந்துவிட்டது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. புதுசுலதான் ஒரு விரல் தடிமன் அதிகமா இருக்கு. கூரை பலமா இருக்கணும்னு பண்ணியிருப்பாங்க."

மருந்துக்கடைக்காரர் காரை விட்டுக் குதித்து இறங்கினார். "பார்த்தியா! அழகு பண்றேன்னு இருந்ததையும் கெடுத்து வெச்சிருக்காங்க! நான் எழுதின ஒரு கடிதத்தைக்கூட எவனும் படிக்கல. இறங்கும்மா, வேற வண்டி பார்க்கலாம்." கூடமே திரும்பிப் பார்த்தது.

மகள் இறங்கவில்லை. "படிவத்தைக் கொண்டு வாங்க. இதையே எடுத்துக்கறேன். சிவப்பே இருக்கட்டும்," என்றாள் விற்பனையாளரிடம். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று உள்ளே போனார்.

"உனக்கு என்ன பிடிவாதம் இது?" மருந்துக்கடைக்காரர் மறுபடி இருக்கையில் உட்கார்ந்தார். இவ்வளவு நேரம் இருந்த அதட்டல் குரலில் இல்லை. "உன் காலைப் பார்க்கறப்பல்லாம் கூனிக்குறுகிப் போறேன்மா. உன்னை மறைச்ச அதே தூண், இதுல இன்னும் தடி. இதையே நீ கேட்டு வாங்கினா நான் எந்த மூஞ்சியோட உங்கம்மா முன்னால போய் நிப்பேன்?"

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் கோபம் துளிகூட இல்லை.

"தூண் என்னை மறைக்கலப்பா," என்றாள் யாருக்கும் கேட்காத குரலில். "நான் கையை ஆட்டிக்கிட்டேதான் வந்தேன். நீங்க போனைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்ததை, நான்தான் மறைச்சேன்."